பெங்களூருவில் வீசிங்: குளிரா, பூவா, புகையா?

5 நவம்பர் 2024, மாலை. கேள்வி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் குடியிருக்கும் ஒருவரிடமிருந்து:

"நாமக்கல்லிலிருந்து பெங்களூரு வந்து மூன்றாவது வருடம். பெண்ணுக்கு ஆறு வயது. ஊரில் இருந்தவரை ஒன்றுமில்லை. இங்கே வந்ததிலிருந்து காலையில் அடுக்குத் தும்மல், ராத்திரி இருமல், அடிக்கடி நெபுலைசர். டாக்டர் அலர்ஜி என்கிறார். பக்கத்து வீட்டில் இந்த ஊர்க் குளிர் என்கிறார்கள். ஆபீஸில் பார்த்தீனியக் களையின் பூ என்கிறார்கள். மாசாக இருக்குமோ என்று போனில் பார்த்தால் ஏ.க்யூ.ஐ. என்ற காற்றுத் தரக் குறியீடு எழுபது, எண்பது என்று பச்சைதான். மாசு டெல்லியில் அல்லவா? இங்கே புகையைக் குறை சொல்வது சரியா?"

5 நவம்பர் 2024, இரவு 9.40

முதலில் அந்தப் பச்சை. நம் நாட்டு ஏ.க்யூ.ஐ. கணக்கில் நுண்துகளுக்கு எடுப்பது 24 மணி நேரச் சராசரி. ஊர் அடங்கிய நேரத்துக் காற்றும் மாலை ஏழு மணிக் காற்றும் கலந்து ஒரே எண்ணாக வந்து நிற்கும். உங்கள் மகள் பள்ளி வேனில் ஒசூர் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது மூச்சில் இழுப்பது அந்த நிமிடத்துக் காற்றை. அது அந்த எண்ணில் தெரியாது.

வரம்பையும் பாருங்கள். 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகள், அதாவது பிஎம் 2.5, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 2009-இல் இந்தியா வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. பெங்களூரு இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. டெல்லியை விட எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெல்லியை விட மேல் என்பது ஒரு குழந்தையின் நுரையீரலுக்குப் போதுமான சான்றிதழ் ஆகாது.

என் மகனுக்கும் இதே கதைதான். பிடிஎம் லேஅவுட்டில், சில்க் போர்டு சந்திப்புக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதனால் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

6 நவம்பர் 2024, காலை

குளிர், பூ, புகை என்று மூன்றில் ஒன்றைப் பொறுக்கத் தேவையில்லை. மூன்றும் கைகோத்துத்தான் வருகின்றன. பையனைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும், மீதி இரவு.

6 நவம்பர் 2024, இரவு 10.15

லாஸ் ஏஞ்சலஸில் 1990-களில் டேவிட் டயஸ்-சான்செஸும் அவர் குழுவும் செய்த சோதனையைப் படித்த பிறகுதான் எனக்கு இந்த விஷயமே பிடிபட்டது. ராக்வீட் என்று அமெரிக்காவில் ஒரு களை. அதன் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களின் மூக்கில் அந்த மகரந்தச் சாற்றை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். டீசல் புகைத்துகளோடு சேர்த்தும் விட்டுப் பார்த்தார்கள். டீசல் சேர்ந்தபோது அந்த மகரந்தத்துக்கு எதிரான ஐஜிஈ, அதாவது அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம், பல மடங்கு கூடியது. பூ அதே பூ, அளவும் அதே அளவு.

அதோடு விடவில்லை. யாருடைய உடம்பும் அதுவரை பார்த்திராத ஒரு கடல்நத்தைப் புரதத்தை மூக்கில் விட்டார்கள். புரதம் மட்டும் போனவர்களுக்கு அலர்ஜி வரவில்லை. டீசல் துகளும் சேர்ந்து போனவர்களில் பலருக்கு அந்தப் புரதத்துக்குப் புதிதாக ஐஜிஈ உண்டானது. அதாவது இருக்கிற அலர்ஜியைப் புகை கிளறிவிடுகிறது என்பதோடு முடியவில்லை. இல்லாத அலர்ஜி முளைக்கவும் அது இடம் செய்து கொடுக்கிறது.

ராக்வீடும் நம்முடைய பார்த்தீனியமும் ஒரே சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள். எங்கள் தெருமுனைக் காலி மனையில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் வெளிவட்டச் சாலை.

உள்ளே நடப்பதை என் வார்த்தையில் சொல்கிறேன். மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் செல்கள் நெருக்கமாக ஒட்டி நிற்கும். நுண்துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓசோனும் அந்த ஒட்டலைத் தளர்த்துகின்றன. பூச்சு உதிர்ந்த சுவரில் ஈரம் இறங்குவது போல மகரந்தமும் தூசிப்பூச்சிக் கழிவும் உள்ளே இறங்குகின்றன. அடிபட்ட செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 என்ற புரதங்களை வெளியே விடுகின்றன. அவை நோய் எதிர்ப்பு அமைப்பை அலர்ஜிப் பக்கம் திருப்புகின்றன. இதில் டிஎஸ்எல்பியைத் தடுப்பதற்கென்றே கடும் ஆஸ்துமாவுக்கு இப்போது ஊசி மருந்து இருக்கிறது.

குளிரையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே புண்பட்டு வீங்கியிருக்கும் குழாய் குளிர்ந்த காற்று பட்டால் சுருங்கும், அது உண்மைதான். ஆனால் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் தரையோடு குளிர்ந்த காற்று தங்கிவிடுவதால் புகையும் மேலே கலைந்து போகாமல் ஆள் உயரத்திலேயே நிற்கிறது. நாம் குளிர் என்று சொல்லும் அந்தக் காலை நேரத்தில் பாதி புகை.

9 நவம்பர் 2024

நம் ஊர்க் கணக்கு உண்டா என்று கேட்டவருக்கு. உண்டு, பழையது. குழந்தை மருத்துவர் எச். பரமேஷ் பெங்களூருவில் 20,000 குழந்தைகளை வைத்து எழுதினார். 1979-இல் ஆஸ்துமா 9 சதவீதம். 1989-இல் 18.5. 1999-இல் 29.5. அந்த இருபது வருடம் இந்த ஊரின் வண்டி எண்ணிக்கை என்ன ஆனது என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அல்சூரில் எங்கள் தெருவில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு அம்பாசடர் நிற்கும். இன்று அதே தெருவில் நடக்க இடமில்லை.

11 நவம்பர் 2024

"ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளை வைத்துத்தானே அந்தக் கணக்கு? ஊர் முழுக்க 29.5 என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். சரியான மடக்கு. எடுத்துக்கொள்ள முடியாது. ஆஸ்துமா பார்க்கிற டாக்டர் என்று பேர் பரவினால் அந்த மாதிரிக் குழந்தைகள்தான் அங்கே அதிகம் வருவார்கள். முன்பு 'சளி நெஞ்சு' என்று எழுதியதை இப்போது ஆஸ்துமா என்று எழுதுகிறார்கள் என்பதும் உண்டு.

நான் அதிகம் நம்புவது அவர் பள்ளிகளில் எடுத்த இன்னொரு கணக்கை. 12 பள்ளிகள், 6 முதல் 15 வயது வரை 6,550 குழந்தைகள். போக்குவரத்து குறைந்த பகுதியில் 11.15 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா. நெரிசலான பகுதியில் 19.34. நெரிசலான பகுதியில் இருக்கும் ஏழைக் குழந்தைகளிடம் 31.14. ஒரே ஊர், ஒரே குளிர், ஒரே பார்த்தீனியம்.

அந்தக் கடைசி எண் என்னை விடவே இல்லை. ஏழை வீட்டில் புகை மட்டுமா? ஒரே அறையில் அடுப்பு, ஈரச் சுவர், கரப்பான், நெருக்கடியில் ஒருவருக்கொருவர் தொற்றும் சளி, டாக்டரிடம் போகத் தள்ளிப்போடுவது. எல்லாம் சேர்ந்த எண் அது. இருந்தாலும் முதல் இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குச் சாலையைத்தான் பெரிதாகக் கைகாட்ட முடிகிறது.

17 நவம்பர் 2024

"எங்கள் பாட்டி அறுபது வருடம் விறகடுப்பில் ஊதி ஊதிச் சமைத்தார், அவருக்கு அலர்ஜி வரவில்லையே" என்று மைசூரு சாலைக்காரர் எழுதியிருக்கிறார். இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன், ஏனென்றால் இதே கேள்வி ஒரு நாட்டையே குழப்பியிருக்கிறது.

1989-இல் பெர்லின் சுவர் விழுந்தது. எரிக்கா ஃபான் முட்டியஸ் என்ற ஜெர்மன் டாக்டர் இரண்டு பக்கத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டார். கிழக்கே லைப்சிக், பழுப்பு நிலக்கரி எரித்து எரித்து கந்தகப் புகை கவிந்த ஊர். மேற்கே மியூனிக், சுத்தமான பணக்கார ஊர். லைப்சிக் குழந்தைகளுக்குத்தான் ஆஸ்துமாவும் அலர்ஜியும் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். லைப்சிக்கில் நெஞ்சுச்சளி, இருமல் அதிகம். ஆஸ்துமாவும் மூக்கு அலர்ஜியும் மியூனிக்கில் அதிகம். பிறகு 1990-களில் லைப்சிக்கில் நிலக்கரிப் புகை குறைந்து வாழ்க்கை மேற்கு மாதிரி மாறியதும் அங்கேயும் மூக்கு அலர்ஜி ஏறியது.

அப்படியானால் புகை நிரபராதியா? இல்லை. எல்லாப் புகையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கந்தகமும் கரியும் குழாயை அரித்துச் சளி கட்ட வைக்கின்றன. வண்டிப் புகையில் வரும் மிக நுண்ணிய கரித்துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும் அலர்ஜிக்கு வழிவிடுகின்றன. அதோடு ஆடு மாடு, மண், நிறைய அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று வளரும் குழந்தையின் உடம்புக்குச் சின்ன வயதிலேயே ஒரு பழக்கம் கிடைக்கிறது. அடுக்குமாடியில் ஒற்றைப் பிள்ளையாக வளர்பவனுக்கு அது இல்லை. புகை மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

பாட்டிக்கு வேறு ஏதும் இருந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். விறகடுப்புப் பெண்களுக்கு வயதான காலத்தில் விடாத இருமலும் மூச்சிரைப்பும் வரும். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

24 நவம்பர் 2024

பாட்டி பேச்சு வந்ததால் அப்பாவைப் பற்றி. சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் பக்கம் ஆட்டோ ஓட்டினார். டூ-ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிந்து பின்னால் நீலப் புகை வரும். மண்ணெண்ணெய்க் கலப்படமும் ஊரறிந்த விஷயம். கேஸ் ஆட்டோ வந்ததெல்லாம் பிறகு. அப்பா பீடி, சிகரெட் தொட்டதே கிடையாது. இப்போது ஒரு மாடி ஏறினால் நடுவில் நிற்கிறார்.

வீட்டில் எல்லாரும் ஆஸ்துமா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பையனுக்காகப் போன இடத்தில் அவரையும் ஸ்பைரோமெட்ரி என்ற, மூச்சின் அளவைப் பார்க்கும் கருவியில் ஊதச் சொன்னார்கள். மருந்து உறிஞ்சிய பிறகு மறுபடி ஊதியும் அளவு ஏறவில்லை. சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துப்போகும் நோய் என்றார்கள். ஆஸ்துமாவில் மருந்துக்குக் குழாய் பெரும்பாலும் திரும்ப விரியும். இதில் முழுசாக விரியாது. பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே இளைப்பு, ஒரே ஊர்ப் புகை, நோய் வேறு, மருந்தும் வேறு. வீட்டில் யாருக்காவது வருடக்கணக்கில் இளைப்பு இருந்தால் ஒரு தடவையாவது ஊதிப் பார்த்துவிடுங்கள். தயவுசெய்து ஒருவர் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

1 டிசம்பர் 2024

"2020 ஊரடங்கில் என் பையனுக்கு ஒரு தடவைகூட வீசிங் வரவில்லை, இதைவிட என்ன சாட்சி வேண்டும்" என்று ஒருவர். என் மகனுக்கும் அப்படித்தான். சாலை வெறிச்சோடி, நைட்ரஜன் டை ஆக்சைடு நாடு முழுக்கக் குறைந்தது. நானும் அதையே பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

ஆனால் அந்த மாதங்களில் பள்ளியும் இல்லை. குழந்தைகளுக்கு வீசிங்கைக் கிளப்புவதில் முதலிடம் சாதாரணச் சளி வைரஸுக்குத்தான். முகக்கவசமும் தனிமையும் அதையும் நிறுத்தி வைத்திருந்தன. புகை இல்லாததால் எவ்வளவு, சளி இல்லாததால் எவ்வளவு என்று அந்த ஒரு காலத்தை வைத்துப் பிரிக்க முடியாது. நாம் சொல்வது நிற்க வேண்டுமென்றால் இந்த மாதிரிச் சாட்சியை எடுத்து வைக்கக் கூடாது.

பிரித்துக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. லண்டனில் ஆஸ்துமா உள்ள 60 பேரை ஒரு நாள் டீசல் பஸ் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள். இன்னொரு நாள் பக்கத்திலேயே இருக்கும் ஹைட் பார்க்கில். 2007-இல் வெளிவந்தது. தெருவில் நடந்த நாளில் ஊதும் அளவு தெளிவாகக் குறைந்தது. அதே ஆள், அதே ஊர், மாறியது காற்று மட்டும். எனக்கு இது போதும்.

8 டிசம்பர் 2024

வீட்டுக்குள்ளே வருவோம். வெளியே உள்ள புகைக்கு மனு எழுதலாம், வீட்டுக்குள் இருப்பதை இன்றே நிறுத்தலாம்.

கொசுவர்த்தி. 2003-இல் வந்த ஆய்வு ஒன்று, ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்றது. மூடிய அறையில், குழந்தை தூங்கும் இடத்தில், கட்டிலுக்கு அடியில் வைக்கிறோம். எங்கள் வீட்டில் ஜன்னலுக்கு வலை அடித்தோம். கொசுவலையும் கட்டுகிறோம். ராத்திரி இருமலில் வித்தியாசம் தெரிந்தது.

சாம்பிராணி. இதில்தான் வீட்டில் பேச்சு வார்த்தை நடந்தது. அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் தூபம் போடுவார். குழந்தைக்குத் தலை காயச் சாம்பிராணி காட்டியே எங்களையெல்லாம் வளர்த்தார்கள் என்பார். நான் வாதாடவில்லை. பையன் ஒரு வெள்ளிக்கிழமை இருமி இருமிச் சாப்பிட முடியாமல் உட்கார்ந்ததை அவரே பார்த்தார். அடுத்த வாரம் தூபக்காலை வாசலுக்கு வெளியே காட்டிவிட்டு, உள்ளே விளக்கு மட்டும் போதும் என்று அவரே சொன்னார். "சாமி பிள்ளையை இளைக்க வைத்துவிட்டா தூபம் கேட்கும்?" என்றார். அதற்குப் பிறகு கட்டடத்தில் இருக்கும் மற்ற பாட்டிகளிடம் அவர்தான் பிரசாரம்.

சமையலறை. கேஸ் அடுப்பு சுத்தம் என்று நினைக்கிறோம். விறகோடு ஒப்பிட்டால் ஆமாம். ஆனால் நீலச் சுடரிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. மிளகாய் தாளிக்கும்போது மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல், அடுப்பு பற்ற வைத்த நிமிடத்திலிருந்து போடுங்கள்.

தூசிப்பூச்சி. தலையணை, மெத்தையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதன் கழிவுதான் 'டஸ்ட் அலர்ஜி' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு. உறைகளை வாரம் ஒருமுறை கொதிக்கக் கொதிக்க உள்ள நீரில் துவையுங்கள். பஞ்சு பொம்மையையும்.

9 டிசம்பர் 2024

பெருக்கும்போது குழந்தையை அந்த அறையில் வைக்காதீர்கள். ஈரத்துணி போட்டுத் துடைப்பது மேல். நேற்று விட்டுப்போனது.

15 டிசம்பர் 2024

ஏர் பியூரிஃபையர், மாஸ்க் பற்றி நிறையப் பேர். ஹெப்பா வடிகட்டியும் என்95-உம் துகளைப் பிடிக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் போன்ற வாயுக்களைப் பிடிக்காது. படுக்கையறையில் கதவைச் சாத்தி ஓடவிட்டால் துகள் அளவில் பலன் உண்டு. ஹாலில் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினால் கரண்ட் பில்தான். ஓசோன் வெளிவிடும் 'அயனைசர்' வகையை ஆஸ்துமா வீட்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள். கைக்குட்டை கட்டுவதால் நுண்துகளுக்கு ஒன்றும் ஆகாது.

பணம் இருப்பவர் வாங்கட்டும். ஆனால் ஆடுகோடியில் ரோட்டோரம் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவின் குழந்தைக்கு எந்த பியூரிஃபையர்? நான் மனு, பள்ளி என்று பேசிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

5 ஜனவரி 2025

"இவ்வளவு பேசி என்ன, போக்குவரத்தைக் குறைத்து எங்கேயாவது ஆஸ்துமா குறைந்திருக்கிறதா?" என்று கேட்டவருக்கு இரண்டு ஊர்.

அட்லாண்டா, 1996 ஒலிம்பிக்ஸ். நகருக்குள் கார்களைக் குறைத்து பஸ்களை ஓட்டினார்கள். காலை நெரிசல் 22.5 சதவீதம் குறைந்தது, ஓசோன் உச்சம் 27.9 சதவீதம் குறைந்தது, அரசுக் காப்பீட்டில் இருந்த குழந்தைகளின் ஆஸ்துமா அவசரச் சிகிச்சை 41.6 சதவீதம் குறைந்தது என்று 2001-இல் எழுதினார்கள்.

தென் கலிஃபோர்னியா. 1990-களிலிருந்து பள்ளிக் குழந்தைகளின் நுரையீரலை வருடா வருடம் அளந்தார்கள். காற்று சுத்தமாக ஆக, அடுத்தடுத்த தலைமுறைக் குழந்தைகளின் நுரையீரல் முன்பைவிட நன்றாக வளர்ந்தது. 2015-இல் வெளியானது.

6 ஜனவரி 2025

அட்லாண்டாவுக்கு ஒரு பின்னிணைப்பு அவசியம். 2010-இல் வேறு குழு அந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்தது. அதே வாரங்களில் சுற்றியுள்ள மற்ற இடங்களிலும் ஓசோன் குறைந்திருந்தது, அதாவது வானிலைக்கும் பங்கு. இன்னும் நீண்ட காலத்தை எடுத்துப் பார்த்தபோது ஆஸ்துமா குறைந்தது அவ்வளவு தெளிவாக நிற்கவில்லை. ஆகவே அந்த 41.6-ஐத் தனியாகத் தூக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பதென்றால் கலிஃபோர்னியாவை எடுங்கள். இரண்டு வாரக் கூத்து இல்லை அது, இருபது வருட வேலை.

19 ஜனவரி 2025

நாமக்கல்காரர் திரும்ப எழுதியிருக்கிறார். ஸ்கின் டெஸ்டில் தூசிப்பூச்சியும் பார்த்தீனியமும் வந்ததாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெண் நன்றாக இருந்தாளாம். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்கிறார்.

அவசரப்படாதீர்கள். விடுமுறையில் பள்ளிச் சளி இல்லை, வேன் இல்லை, நாள் முழுக்க முற்றம். அது ஊரின் குணமா, விடுமுறையின் குணமா? தூசிப்பூச்சி நாமக்கல் மெத்தையிலும் உண்டு. பார்த்தீனியம் தமிழ்நாட்டு வரப்பெல்லாம் நிற்கிறது. லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் பெயர் பெற்ற மாவட்டம் வேறு. ஒருமுறை உண்டான அலர்ஜி பஸ் ஏறினால் இங்கேயே தங்கிவிடாது.

ஊரை மாற்றுவதற்கு முன் தெருவை மாற்ற முடியுமா பாருங்கள். வண்டிப் புகையின் பாதிப்பு பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரைதான் கடுமையாக இருக்கும் என்று 2010-இல் எச்.இ.ஐ. என்ற அமெரிக்க நிறுவனம் எல்லா ஆய்வுகளையும் அலசிச் சொன்னது. உள்ளே தள்ளி நான்கு தெரு போனாலே காற்று மாறுகிறது. வாடகை ஒப்பந்தம் முடியும்போது நாங்களும் அப்படித்தான் தேடப்போகிறோம். அதுவும் முடியாவிட்டால் குழந்தையின் கட்டிலைச் சாலைப் பக்க அறையிலிருந்து பின்பக்க அறைக்கு மாற்றுங்கள். சாலைப் பக்க ஜன்னலை மாலை நெரிசலில் மூடி வையுங்கள்.

9 பிப்ரவரி 2025

இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகிறேன். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று நிறுத்திவிட்டதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் அதற்குப் பதில் உயிருள்ள குட்டி மீனில் வைத்து விழுங்கக் கொடுக்கும் ஹைதராபாத் மீன் மருந்துக்கு ஜூன் மாதம் போகிறாராம்.

உலகில் உள்ள ஆஸ்துமாக்காரர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில். ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 42 சதவீதம் இந்தியாவில். 2019-ஆம் ஆண்டு உலக நோய்ச் சுமைக் கணக்கு இது. இந்த இடைவெளிக்குப் புகை ஒரு காரணம். தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை எடுக்காதது அதைவிடப் பெரிய காரணம் என்று நான் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் சொன்னார்.

புகை உண்டாக்குவது வீக்கம். சால்பியூட்டமால் பஃப் குழாயை அந்த நேரத்துக்கு விரிக்கும், வீக்கத்தை ஆற்றாது. வெறும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்காதீர்கள் என்று ஜினா என்ற உலகளாவிய வழிகாட்டிக் குழுவே 2019 முதல் சொல்கிறது. உறிஞ்சும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் அளவு, நேராக நுரையீரலுக்குப் போவது. அதை நிறுத்திவிட்டு அவசரத்துக்கு மாத்திரையும் ஊசியுமாகப் போடும் ஸ்டீராய்டு பல மடங்கு. குழந்தைக்கு ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்துக் கொடுங்கள், பிறகு வாய் கொப்பளிக்க வையுங்கள்.

மாசைப் பற்றி இவ்வளவு எழுதும் நானே சொல்கிறேன்: காற்று சுத்தமாகும் வரை காத்திருக்கும் நோய் இல்லை இது. பேச முடியாமல் மூச்சு வாங்கினால், விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

27 ஏப்ரல் 2025

மாம்பழ மழை ஆரம்பித்துவிட்டது. மழை பெய்தால் தூசி அடங்கி வீசிங் குறையும் என்று நினைத்தால், இடி மழை அன்று மட்டும் அதிகமாகிறதே என்று கேட்கிறார்கள். மழை துகளைக் கழுவும், உண்மை. ஆனால் இடி மழைக்கு முன் வரும் காற்றும் ஈரமும் மகரந்தத்தை உடைத்துப் பொடியாக்கிவிடும். முழு மகரந்தம் மூக்கோடு நின்றுவிடும் அளவு பெரியது. உடைந்த பொடி நுரையீரல் வரை இறங்கும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், உயிர்களும் போயின. அவர்களில் பலர் அதுவரை தங்களுக்கு மூக்கு அலர்ஜி மட்டும்தான் என்று இருந்தவர்கள். 'எனக்கு வெறும் சைனஸ்' என்று சொல்லிக்கொள்ளும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூக்கும் நெஞ்சும் ஒரே பாதை.

மழைக்கு முன் சூறைக்காற்று கிளம்பினால் ஜன்னலை மூடுங்கள். மொட்டை மாடியில் விளையாடும் பிள்ளையை உள்ளே கூப்பிடுங்கள்.

11 மே 2025

பார்சிலோனாவைப் பற்றி ஒருவர் கேட்டார், சுருக்கமாக. 1980-களில் அங்கே திடீர் திடீரென்று சில நாட்களில் மட்டும் ஆஸ்துமா அலை. தோண்டிப் பார்த்தால் துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கும் நாட்கள். குதிரில் வடிகட்டி போட்டார்கள், அலை நின்றது. மூலத்தைக் கண்டுபிடித்து மூடினால் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

8 ஜூன் 2025

பள்ளிகள் திறந்துவிட்டன. வாசலில் பழையபடி வேன்கள், ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டு வரிசையாக. மணி அடித்ததும் குழந்தைகள் அந்தப் புகைக்குழாய்களுக்கு நடுவே நின்று தங்கள் வேனைத் தேடுகிறார்கள். புகை வருவது குழந்தையின் முக உயரத்தில்.

லண்டனில் எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுப் பெண் நெரிசலான சாலை ஓரத்தில் வளர்ந்தாள், கடும் ஆஸ்துமாவில் 2013-இல் இறந்தாள். அவளுடைய அம்மா வருடக்கணக்கில் போராடியதால் 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி இறப்புக் காரணத்தில் காற்று மாசையும் எழுதினார். பிரிட்டனில் அதுதான் முதல் முறை. காற்றின் நிலையைப் பற்றி அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவே இல்லை என்பதும் அந்த விசாரணையில் வந்தது. தெரிந்திருந்தால் வீட்டை மாற்றியிருப்பேன் என்று அவர் சொன்னதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமில்லை.

எங்கள் பள்ளியில் இந்த வாரம் எழுதிக் கொடுத்தோம், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். நான்கு பெற்றோர் சேர்ந்து கையெழுத்து வாங்கினோம். வேண்டுமானவர்கள் இதையே எடுத்துக்கொள்ளலாம். வாசலில் நிற்கும் வேன்கள் இன்ஜினை அணைக்க வேண்டும், அதைப் பார்க்க ஒரு காவலர். சாலையை ஒட்டிய மைதானத்தில் பி.டி. வகுப்பு நெரிசல் நேரத்தில் வேண்டாம். வளாகத்துப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறையோடு வேரோடு பிடுங்க வேண்டும். காய்ந்த இலையைக் குவித்துக் கொளுத்தக் கூடாது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலர் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருக்கக் கூடாது, வகுப்பில் கைக்கெட்ட இருக்க வேண்டும், வகுப்பு ஆசிரியைக்கு ஸ்பேசர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியைத்தான் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஆசிரியைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என் மகனின் டாக்டர் வருகிறேன் என்றிருக்கிறார். வேன் விஷயத்துக்கு ஓட்டுநர்களோடு பேச வேண்டும் என்கிறார்கள். வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு வாசலில் அவர்களைச் சந்திக்கிறோம். அந்தப் புகையில் தினமும் மணிக்கணக்கில் நிற்பது அந்த அண்ணன்மாரும்தான், அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். பிடிஎம், மடிவாளா பக்கம் இருப்பவர்கள் வர முடிந்தால் வாருங்கள்.